பொருளாதாரமும் வேண்டும், பிசினஸும் வேண்டும்: வேலூர்ப் பிள்ளைக்கு எந்தப் பட்டம்?

அக்கா மகள் குடியாத்தத்தில் பிளஸ் டூ முடித்திருக்கிறாள், காமர்ஸ் குரூப். போன மாதம் வீட்டுக்கு வந்தவள், "மாமா, எனக்கு எகனாமிக்ஸ்தான் பிடிச்சிருக்கு, அப்பா பிசினஸ் படிச்சாதான் வேலைங்கிறாரு, ரெண்டையும் சேர்த்து ஒரே டிகிரியா படிக்க முடியாதா?" என்று கேட்டாள். முடியும். ஒரு வழியல்ல, நாலைந்து வழி இருக்கிறது. ஆனால் ஒவ்வொன்றும் வாசலில் கேட்பது வேறு, உள்ளே போனபின் கேட்பது வேறு, வெளியே வரும்போது கையில் கொடுப்பது இன்னும் வேறு. அவளுக்காகத் தேடி அலசியதை இங்கே எழுதிவைக்கிறேன், இதே குழப்பத்தில் இன்னும் பல வீடுகள் இருக்கும்.

என்னைப் பற்றி ஒரு வரி. ராணிப்பேட்டையில் ஒரு தோல் ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். பி.காம். கல்லூரிக்குப் போய்ப் படித்தது, எம்.ஏ. எகனாமிக்ஸ் வேலை பார்த்துக்கொண்டே தபாலில் படித்தது. அதனால் இரண்டு பக்கமும் கொஞ்சம் சுட்டுக்கொண்டவன் என்ற முறையில் பேசுகிறேன்.

முதலில் உள்ளூரில் கிடைக்கும் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்: பி.ஏ. பொருளியல், பி.காம்., பி.பி.ஏ. பெயரைப் பார்த்தால் ஒன்றுக்கொன்று அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், கேட்கும் கேள்வி வேறு. வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் முள் கத்தரிக்காய் கிலோவுக்குப் பத்து ரூபாய் ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இதனால் எத்தனை பேர் கத்தரிக்காயை விட்டு வெண்டைக்குப் போவார்கள், அதை எப்படி அளப்பது, விலை ஏறியதற்கு மழை காரணமா லாரி வாடகை காரணமா என்று பி.ஏ. பொருளியல் கேட்கும். அந்தக் கடைக்காரரின் கொள்முதல், விற்பனை, மிச்சச் சரக்கு எல்லாம் ஏட்டில் எந்தப் பக்கம் ஏறும், லாபம் எவ்வளவு, வரி எவ்வளவு என்று பி.காம். கேட்கும். இந்தக் கத்தரிக்காய்க்குத்தான் 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டதே, அந்தப் பெயரைப் போட்டுப் பை தைத்துச் சென்னையில் எப்படி விற்கலாம் என்று பி.பி.ஏ. கேட்கும். இந்த மூன்றில் எந்தக் கேள்வி உங்கள் பிள்ளைக்குத் தூக்கத்திலும் வருகிறது என்பதைக் கவனித்தால் பாதி வேலை முடிந்தது.

சேர்க்கை விதி உள்ளூரில் பெரிய மலையல்ல. பி.ஏ. பொருளியலுக்கும் பி.பி.ஏ.வுக்கும் பிளஸ் டூ தேறியிருந்தால் பொதுவாக எந்த குரூப்பும் சரி. பி.காம்.தான் வணிகவியல், கணக்குப்பதிவியல் படித்தவர்களை முதலில் பார்க்கும். ஓட்டேரி முத்துரங்கம் கல்லூரி போன்ற அரசுக் கலைக் கல்லூரி என்றால் ஆன்லைனில் ஒரே விண்ணப்பம்; தமிழ், ஆங்கிலம் இரண்டையும் விட்டுவிட்டு மற்ற நான்கு பாடங்களின் 400 மதிப்பெண்ணை வைத்துத்தான் ரேங்க் போடுவார்கள். இதைத் தெரியாமல் 600-க்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டுக்கொண்டு ஒப்பிடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மொழிப்பாடத்தில் வாங்கிய 98 உங்களுக்கு இங்கே உதவாது. பி.காம். இடங்கள் முதல் சுற்றிலேயே பறந்துவிடும், பொருளியலில் கொஞ்சம் மூச்சு விடலாம்.

உள்ளே போனபின்? சேர்க்காட்டில் இருக்கும் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் கல்லூரி என்றால் மூன்று வருடம், ஆறு செமஸ்டர். பட்டத்துக்கு மொத்தம் 140 கிரெடிட் (பாடத்தின் எடையை அளக்கும் அலகு). பேப்பருக்கு இன்டர்னல் 25, எழுத்துத் தேர்வு 75, தேற 40. தமிழும் ஆங்கிலமும் எல்லாருக்கும் பொது. இந்த 140-க்குள் 'இரண்டையும் சேர்த்து' என்பது எங்கே நடக்கிறது என்றால், மேஜரில் (முதன்மைப் பாடத்தில்) அல்ல, அலைடு (துணைப்பாட) பேப்பரிலும் எலெக்டிவிலும் (விருப்பப் பாடத்திலும்). பி.காம். முதல் வருடத்தில் பிசினஸ் எகனாமிக்ஸ் என்று ஒரு பேப்பர் எட்டிப்பார்க்கும், தேவை, அளிப்பு, நெகிழ்ச்சி என்று படம் போட்டுக் காட்டிவிட்டுப் போய்விடும், அதோடு சரி. பி.பி.ஏ.விலும் ஏறக்குறைய அதே கதை. இந்தப் பக்கம் பொருளியல் மாணவிக்கு அக்கவுண்ட்ஸோ மேலாண்மையோ அலைடாக வருமா என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். அதனால் கல்லூரியின் பெயரைக் கேட்காதீர்கள், அலைடு என்ன, எலெக்டிவ் என்ன என்று கேளுங்கள். பாடத்திட்டத்தில் எலெக்டிவுக்கு மூன்று தலைப்பு அச்சடித்திருக்கும், சொல்லித்தர ஒருவர்தான் இருப்பார், ஆக மூன்றும் ஒன்றுதான். சீனியர்களிடம் கேட்டால் உண்மை வரும்.

அப்புறம் கணக்கு, அதாவது கணிதம். இதை ஆற அமரச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் விழுந்த குழி இதுதான்.

காமர்ஸ் குரூப்பில் கணக்குப்பதிவியல், வணிகவியல், பொருளியல் மூன்றும் இருக்கும், நான்காவதாகச் சில பள்ளியில் வணிகக் கணிதமும் புள்ளியியலும், சில பள்ளியில் கம்ப்யூட்டர். பதினைந்து வயதில் பிளஸ் ஒன் சேரும் அன்று, எனக்கு விண்ணப்பம் எழுதித்தந்தவர், "கணக்கு கஷ்டம்பா, கம்ப்யூட்டர் போடு, மார்க் வரும்" என்றார். மார்க் வந்தது. பத்து வருடம் கழித்து எம்.ஏ. எகனாமிக்ஸ் புத்தகத்தைத் திறந்தபோது முதல் அத்தியாயத்திலேயே வகைநுண்கணிதம். இறுதிநிலைப் பயன்பாடு (இன்னும் ஒன்று கூடுதலாக வாங்கினால் கிடைக்கும் கூடுதல் திருப்தி) என்பதே ஒரு வகைக்கெழுதான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இரவு ஷிப்ட் முடிந்து வந்து பள்ளிப் பிள்ளைகளின் கணக்குப் புத்தகத்தைக் கடன் வாங்கிப் படித்தேன். இரண்டு அரியர் வைத்துத்தான் தாண்டினேன்.

உள்ளூர் பி.ஏ.வில் சேர யாரும் கணக்கு கேட்கமாட்டார்கள், அதுதான் ஏமாற்று. உள்ளே போனால் புள்ளியியல் வரும், மேலே போகப் போகக் கணக்கு கூடிக்கொண்டே போகும். வெளியே எட்டிப்பார்த்தால் வாசலிலேயே கேட்பார்கள். டெல்லி பல்கலைக்கழகத்தில் பிசினஸ் எகனாமிக்ஸ் என்றே ஒரு பி.ஏ. ஹானர்ஸ் இருக்கிறது, நம் அக்கா மகள் கேட்ட 'ரெண்டையும் சேர்த்து' என்பதற்கு இந்தியாவில் மிக நேரான பதில் அதுதான். 2022-இலிருந்து க்யூட் என்ற மத்தியப் பல்கலைக்கழகங்களின் பொது நுழைவுத் தேர்வு வழியாகத்தான் சேர்க்கை, அதில் ஆங்கிலம், பொதுத்திறன் தாளோடு கணிதத் தாளும் எழுதியாக வேண்டும். இந்தூர் ஐ.ஐ.எம். 2011-இல் தொடங்கிய ஐந்து வருட ஒருங்கிணைந்த மேலாண்மைப் படிப்பும் அப்படியே, நுழைவுத் தேர்வின் பெரும்பகுதி கணக்குதான். உள்ளே பொருளியல், புள்ளியியல், மேலாண்மை எல்லாம் வரும். கட்டணம் லட்சங்களில் ஓடும், வேலூர் மாதச் சம்பளக்காரருக்கு வங்கிக் கடன் இல்லாமல் நடக்காது. வணிகக் கணிதம் படித்தவர்கள் ஒன்று செய்யுங்கள்: சேர விரும்பும் இடம் அதைக் 'கணிதம்' என்று ஏற்றுக்கொள்ளுமா என்பதைப் பணம் கட்டும் முன்பே மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். வாய்வார்த்தை பிறகு நிற்காது.

வெளிமாநிலப் பக்கம் இன்னொரு வசதியும் உண்டு. யுஜிசி என்ற பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 பாடத்திட்டக் கட்டமைப்பில் மூன்று வருடப் பட்டத்துக்கு 120 கிரெடிட், நான்கு வருட ஹானர்ஸுக்கு 160. இரண்டாவது பாடத்தில் குறைந்தது 40 சதவீதம், அதாவது 120-க்கு 48, 160-க்கு 64 கிரெடிட் எடுத்துவிட்டால் இரட்டை மேஜர் என்று போட்டுத் தருவார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டு அரசுப் பல்கலைக்கழகங்கள் பழைய மூன்று வருட முறையிலேயே இருக்கின்றன, எனவே சேர்க்காட்டில் போய் இரட்டை மேஜர் எங்கே என்று கேட்டுப் பயனில்லை.

சரி, உள்ளூரிலேயே இருந்துகொண்டு இரண்டும் வேண்டும் என்றால்? இரண்டு பட்டம் ஒரே நேரத்தில் படிக்கலாம் என்று யுஜிசி 2022 ஏப்ரலில் வழி திறந்துவிட்டது. இரண்டையும் நேரில் படிப்பதென்றால் வகுப்பு நேரம் மோதக்கூடாது. ஒன்று நேரில், ஒன்று தொலைநிலையில் என்றால் அந்தத் தலைவலி இல்லை. பகலில் பி.காம்., பக்கத்தில் இக்னோ என்ற மத்திய அரசின் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. பொருளியல் என்று போகலாம். தாளில் அழகாக இருக்கும் திட்டம். நடைமுறையில் இக்னோ ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரப் படிப்பு என்று கணக்கு வைத்திருக்கிறது, அசைன்மென்ட் எழுதிக் கொடுக்க வேண்டும், அதற்கும் மதிப்பெண் உண்டு. தேர்வு ஜூனிலும் டிசம்பரிலும் வரும். இங்கே கல்லூரி செமஸ்டர் தேர்வும் நவம்பர், டிசம்பரில்தான் நெருக்கும். ஆக இருமுனைத் தாக்குதல். ஒரு ஆறுதல், மூன்று வருடப் படிப்பை ஆறு வருடம் வரை இழுத்து முடிக்க அங்கே இடம் உண்டு. ரெகுலரை மூன்று வருடத்தில் முடித்துவிட்டு, மற்றதை மெதுவாக ஓட்டத் தெம்பு உள்ளவர்களுக்குச் சொல்வேன். எல்லாருக்கும் சொல்லமாட்டேன்.

வெளிநாட்டைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை: ஆஸ்திரேலியாவில் காமர்ஸையும் எகனாமிக்ஸையும் இணைத்து நான்கு வருடத்தில் இரட்டைப் பட்டம் தருகிறார்கள். எங்கள் வீட்டு நிலைக்கு அது பேச்சே இல்லை, விட்டுவிடுகிறேன்.

இனி, வெளியே வரும்போது என்ன கிடைக்கிறது என்று பார்ப்போம். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கம் தோல் கம்பெனி வேலை என்றால் "பி.காம்., டேலி (கணக்கு எழுதும் மென்பொருள்) தெரிந்தவர்" என்றுதான் தேடுகிறார்கள். எங்கள் அலுவலகத்தில் பி.ஏ. பொருளியல் படித்தவரை நேர்முகத்துக்குக் கூப்பிட வைக்க நானே வாதாட வேண்டியிருந்தது. அக்கா வீட்டுக்காரர் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்று இதனால்தான் சொல்கிறேன். சி.ஏ. (பட்டயக் கணக்காளர்) பக்கமும் காமர்ஸுக்குக் கொஞ்சம் சாய்வு: பட்டம் முடித்து நேரடியாக அதன் இரண்டாம் கட்டமான இன்டர்மீடியட்டில் நுழையக் காமர்ஸ் பட்டதாரிக்கு 55 சதவீதம் போதும், மற்றவர்களுக்கு 60. ஆனால் பிளஸ் டூ முடித்து முதல் கட்டமான ஃபவுண்டேஷன் வழியாகப் போனால் அதன் நான்கு தாளில் ஒன்றே பிசினஸ் எகனாமிக்ஸ், முழு 100 மதிப்பெண்.

அந்தப் பக்கம் பொருளியலுக்கு மட்டும் திறக்கும் கதவுகள் இருக்கின்றன. யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வுக்குப் பொருளியல், பயன்பாட்டுப் பொருளியல், பிசினஸ் எகனாமிக்ஸ், எகனாமெட்ரிக்ஸ் இவற்றில் ஒன்றில் முதுகலை வேண்டும், எம்.காம்., எம்.பி.ஏ. வைத்துக்கொண்டு எழுத முடியாது. மேல்நிலைப் பள்ளியில் பொருளியல் ஆசிரியர் ஆவதற்கு இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடமாக இருக்க வேண்டும், கூடவே பி.எட். என் பி.காம்.-எம்.ஏ. கலவை அங்கே செல்லாது, இதை எம்.ஏ. முடித்தபிறகு தெரிந்துகொண்டவன் நான். குரூப் 2 போன்ற டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகளுக்குப் பெரும்பாலும் ஏதோ ஒரு பட்டம் போதும், ஆனால் தாளில் இந்தியப் பொருளாதாரம் வருவதால் பி.ஏ. படித்தவர்களுக்கு அந்தப் பகுதி ஏற்கனவே பழகியிருக்கும்.

ஆக என் கட்சி இதுதான், மறுப்பவர்கள் மறுக்கலாம். கணக்குப்பதிவியலை வகுப்புக்கு வெளியே கற்றுக்கொள்ள முடியும். ஆறு மாதம் டேலி, ஒரு வருடம் ஆடிட்டர் ஆபீஸில் வவுச்சர் அடுக்கினால் வந்துவிடும், எங்களுக்கெல்லாம் அப்படித்தான் வந்தது, மண்டித் தெருவில் பட்டமே இல்லாமல் பேரேடு எழுதுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். பொருளியல் கோட்பாடும் புள்ளியியலும் அப்படித் தெருவில் கிடைக்காது, கேள்வி கேட்க ஒரு ஆசிரியர் எதிரில் இருக்க வேண்டும். அதனால் கணக்குக்குப் பயப்படாத பிள்ளை என்றால் பொருளியலை வகுப்பறையிலும் பிசினஸை வெளியிலும் வைத்துக்கொள்வது நல்லது. கணக்கு என்றால் காய்ச்சல் வரும் பிள்ளைக்கு, அல்லது இருபத்தொரு வயதில் சம்பளம் வந்தே ஆகவேண்டிய வீட்டுக்கு, பி.காம்.தான், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. பி.பி.ஏ.வை நான் கடைசியில் வைப்பேன். பின்னால் எம்.பி.ஏ. படிக்கும் உறுதி இருந்தால் ஒழிய அது தனியாக நிற்பது கஷ்டம்.

அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்த பெண் பிள்ளை என்றால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும், ரெகுலர் கல்லூரிக்குத்தான், தபால் படிப்புக்கு இல்லை. டேலி வகுப்புக் கட்டணத்துக்கு அதுவே போதும் என்று அக்கா கணக்குப் போட்டுவிட்டாள்.

பிள்ளை பிளஸ் டூவில் வணிகக் கணிதம்தான் எடுத்திருந்தாள், என்னைவிடப் புத்திசாலி. அரசுக் கல்லூரி விண்ணப்பத்தில் பொருளியலை முதல் விருப்பமாகவும் பி.காம்.மை இரண்டாவதாகவும் போட்டிருக்கிறாள். அவள் அப்பாவிடம் வரிசையை மாற்றிச் சொல்லியிருக்கிறோம். ரேங்க் பட்டியல் வரும் அன்று நான் குடியாத்தம் பக்கமே போகப்போவதில்லை.