54 மைல்ல ஊதுற சங்கு: ஜீப்புக்கு 4.88 கியர் போட்டு நாலு வருஷம்

டென்வர் பக்கம் ஆரோரால இருக்குற மாப்ள ஒருத்தன் போன வாரம் ஒரு ஜேஎல், அதாவது புது மாடல் ஜீப் ராங்ளர் எடுத்தான். எடுத்த கையோட 35 இஞ்ச் டயரையும் மாட்டிட்டு போன் பண்ணி "நீ ஆக்ஸில் கியர் மாத்திருக்கல்ல, எப்படி இருக்கு, நானும் மாத்தணுமா"ன்னு கேட்டான். அருமையா இருக்குடா, ஆனா நீ மாத்தாதன்னு சொன்னேன். என்னடா இப்படிச் சொல்றன்னு குழம்பிப் போய் வச்சுட்டான். வச்சப்புறம் யோசிச்சா எனக்கே அது என்ன பதில்னு புரியல, அதான் கொஞ்சம் விலாவாரியா எழுதிடலாம்னு.

என் வண்டி 2013 ஜேகே, அதுக்கு முந்தின மாடல் ராங்ளர், நாலு கதவு சஹாரா, 5 ஸ்பீட் ஆட்டோ. செகண்ட் ஹேண்ட்ல வாங்குனது. முன்னாடி வச்சிருந்தவரே வண்டிய உசத்தி (லிஃப்ட் பண்ணி) 35 மாட்டி வச்சிருந்தாரு, பாக்க கோயில் யானை மாதிரி நின்னுச்சு, நானும் வாயப் பொளந்துட்டு செக்கக் கிழிச்சுக் குடுத்துட்டேன். ஆக்ஸில்ல என்ன ரேஷியோ இருக்குன்னு, அதாவது சக்கரம் ஒரு சுத்து சுத்த கியர்பாக்ஸ்ல இருந்து வர்ற தண்டு எத்தன சுத்து சுத்தணும்னு (நம்பர் பெருசானா இழுவை கூட), கேக்கணும்னு அன்னிக்குத் தோணவே இல்ல. ரெண்டு வாரம் கழிச்சு வின் நம்பர் (வண்டியோட அடையாள நம்பர்) வச்சுப் பாத்தா 3.21. ஜேகேக்கு கம்பெனில வந்த 3.21, 3.73, 4.10 மூணுல இருக்கறதுலயே சோம்பேறி அதுதான். கம்பெனி 32 இஞ்ச் டயருக்கே அது தூங்கி வழியும், அதுல 35 மாட்டுனா கணக்குக்கு 2.93 போட்ட மாதிரி. அதோட பெரிய டயர்னா வெயிட்டும் கூட, காத்து எதுக்குறதும் கூட, அதெல்லாம் இந்தக் கணக்குல வராது.

டென்வர்காரங்களுக்கு ஐ-70 ஹைவே பத்திச் சொல்ல வேண்டியதில்ல. மத்தவங்களுக்கு மட்டும், மலைக்குப் போய்ட்டு சாயங்காலம் திரும்பும்போது சில்வர்தார்ன்ல இருந்து ஐசன்ஹவர் டனல் வரைக்கும் ஒரே ஏத்தம், டனல் வாசல் 11,158 அடி. டர்போ இல்லாத எஞ்சினுக்கு ஆயிரம் அடி ஏறுனா சுமாரா 3 சதவீதம் பவர் போகும், அப்படிப் பாத்தா என்னோட 285 குதிரைல மூணுல ஒரு பங்கு அங்க மேயப் போயிடும். அந்த ஏத்தத்துல 3.21ஓட நான் பட்ட பாடு இருக்கே. பிளாட் ரோட்டுலயே 65 மைல்ல அஞ்சாவது கியர்ல 1,700 ஆர்பிஎம்தான் இருக்கும், என்னோட பென்டாஸ்டார் எஞ்சின் முழு டார்க் (இழுவை) குடுக்குறது 4,800ல. ஏத்தம் வந்ததும் நாலு, மூணு, ரெண்டு, திரும்ப மூணு, திரும்ப ரெண்டுன்னு கியர்பாக்ஸ் கிடந்து அல்லாடும். மூணாவதுல விட்டா 50 மைல்ல 2,200 ஆர்பிஎம்தான், இழுக்காது. ரெண்டாவதுல போட்டா அலறும், உடனே திரும்ப மூணுக்குத் தாவிடும். லாரிக்காரன் ஹசார்ட் போட்டுட்டு வலது ஓரமா போவான், அவன் பின்னாடி நானும் ஹசார்ட் போட்டுட்டு போவேன். ஒரு தடவ பழைய ப்ரியஸ் ஒண்ணு சைக்கிள் ரெண்டக் கூரைல கட்டிக்கிட்டு என்னத் தாண்டிப் போச்சு. அதுல இருந்த சின்னப் பொண்ணு கை வேற ஆட்டுச்சு.

ஆக்ஸில் கியர மாத்திடணும்னு அன்னிக்கு ராத்திரியே முடிவு பண்ணிட்டேன். 4.56ஆ 4.88ஆன்னுதான் யோசனை. 35க்கு மேனுவல்னா 4.56, இந்த 5 ஸ்பீட் ஆட்டோக்கு 4.88ன்னுதான் ஜேகேகாரங்க நிறையப் பேரு சொல்வாங்க, அது சரிதான். 5.13 பக்கம் நான் போகல, என் முன்னாடி ஆக்ஸில் டானா 30ங்கற சின்ன வகை, ரேஷியோ ஏற ஏற பினியன் (தண்டு முனைல இருக்குற சின்னப் பல்சக்கரம்) தலை சின்னதாயிட்டே போகும், 4.88லயே எட்டே எட்டு பல்லுதான் கிரவுன்ல (அது சுத்துற பெரிய பல்சக்கரம்) இருக்குற 39 பல்ல சுத்தணும். முன்னாடி பின்னாடி ரெண்டுமே மாத்தணுங்கறது தெரிஞ்ச விஷயம், ஒண்ண மட்டும் மாத்திட்டு ஃபோர் வீல் போட்டா ரெண்டும் ரெண்டு பக்கம் இழுத்து எதையாவது ஒடச்சுதான் நிக்கும்.

தெரியாத விஷயம் ஒண்ணு இருந்துச்சு. கேரியர்னா அந்த கிரவுனத் தாங்குற கூடு. 3.21க்கு வர்ற கேரியர் வேற, 3.73ல இருந்து மேல வேற கேரியர். இத எனக்கு எவனும் சொல்லல, நான் குடுத்த ஷாப்புலயும் வண்டியப் பிரிச்சுப் போட்டுட்டு மத்தியானம் போன் பண்ணித்தான் சொன்னாங்க. 2,400 டாலர்னு பேசுனது 3,000 கிட்ட போச்சு. எப்படியும் கேரியர் வாங்கணும்னா அதுலயே லாக்கர் (ரெண்டு பக்கச் சக்கரத்தையும் சேத்துப் பூட்டுறது) போட்டிருக்கலாமேன்னு இப்பத் தோணுது, அன்னிக்கு பில்லப் பாத்த அதிர்ச்சில வாயே வரல.

வண்டி வந்துச்சு. முதல்ல இருபது மைல் மெதுவா ஓட்டி, ஓரங்கட்டி நல்லா ஆற விட்டு, அப்புறம் 500 மைல் வரைக்கும் பொத்திப் பொத்தி ஓட்டி, ஆயில மாத்தி, டயர் சைஸையும் கியர் ரேஷியோவையும் ப்ரோகிராமர் வச்சு கம்ப்யூட்டருக்குச் சொல்லி, எல்லாம் முறையாப் பண்ணேன். இந்த கம்ப்யூட்டருக்குச் சொல்றத மட்டும் விட்டுடாதீங்க, சொல்லலைன்னா எப்ப கியர் மாத்தணும்னு தெரியாம வண்டி புதுசா கத்துக்குறவன் மாதிரி ஓட்டும்.

அப்புறம் முதல் தடவையா அதே ஏத்தம். மூணாவது கியர்ல 60 மைல்ல 4,000 ஆர்பிஎம்ல போய் உக்காந்துச்சு, அவ்ளோதான். உக்காந்தது உக்காந்ததுதான், அல்லாட்டமே இல்ல. டனல் வர்ற வரைக்கும் கியர்பாக்ஸ் மூச்சு விடல. லாரிய எல்லாம் தாண்டி நடு லேன்ல போறேன், எனக்குச் சிரிப்பு தாங்கல, பக்கத்துல வீட்டம்மா "எதுக்கு இப்படி இளிக்கிறீங்க"ங்கறா. எஞ்சின் அதே எஞ்சின், ஒரு குதிரை கூட ஏறல, அது எங்க பலமா இருக்கோ அங்க நிக்க வச்சோம், அவ்ளோதான் நடந்துச்சு. டவுனுக்குள்ள சிக்னல்ல எடுக்கறதுலயும் அதே கதைதான், முன்னெல்லாம் பிரேக்க யாரோ பிடிச்சுட்டு இருக்குற மாதிரி இருக்கும், இப்ப விட்டுட்டாங்க.

மலைப் பாதைல இன்னும் மேல. லோ ரேஞ்ச் (ஃபோர் வீல்ல மெதுவா, பலமா போறதுக்குன்னு இருக்குறது) முதல் கியர்ல மொத்த ரேஷியோ 31 சொச்சத்துல இருந்து கிட்டத்தட்ட 48 ஆயிடுச்சு. கரடுமுரடு பாதைக்குன்னே வர்ற ரூபிகான் மாடல்ல ஆட்டோவும் 4.10உம் வச்சிருக்கறவங்களுக்கு 59 வரும், அவ்ளோ இல்ல, ஆனா என் தேவைக்குத் தாராளம். அடுத்த வருஷம் ஊரேல இருந்து இமோஜின் பாஸ் ஏறி டெல்யுரைட் பக்கம் இறங்குனோம், 13,114 அடி. ஏறுறத விடுங்க, இறங்குறதுதான் விஷயம். பழைய கியர்ல இறக்கத்துல பிரேக்க மிதிச்சு மிதிச்சு நாத்தம் வரும், இந்தத் தடவ கால பிரேக் பக்கம் ரொம்பக் கொண்டு போகவே இல்ல, வண்டி தானா மாடு மாதிரி நடந்து எறங்குச்சு.

இவ்ளோ நல்லது சொன்னேன்ல. இனி வயித்தெரிச்சல்.

54 மைல்ல ஒரு சங்கு ஊதும். சரியா 52ல ஆரம்பிச்சு 57ல நிக்கும். ஆக்ஸிலேட்டர்ல கால் இருந்தா ஒண்ணும் இல்ல, கால எடுத்தா ஊஊஊன்னு, தூரத்துல எங்கயோ இழவு வீட்டுல ஊதுற மாதிரி. ஆயிரம் மைல் வரைக்கும் மட் டயர் சத்தம்னு என்ன நானே ஏமாத்திட்டு இருந்தேன். டயர் சத்தம் அப்படி இல்ல, அது வேகத்தோட சேந்து ஏறும் இறங்கும், கால எடுத்தாலும் வச்சாலும் ஒரே மாதிரி இருக்கும். கால் வச்சா ஒண்ணு எடுத்தா ஒண்ணுன்னா அது கியர்தான். வீட்டம்மாவுக்குக் கேக்கல, ஃப்ரெண்ட்ஸ் யாருக்கும் கேக்கல. "உனக்கு மனசுலதாண்டா ஊதுது"ன்னான் ஒருத்தன். ஷாப்புல கேட்டா "பிரேக்-இன் முடிஞ்சா அடங்கிடும்", 500 முடிஞ்சு போனா "கொஞ்சம் ஓடட்டும்", மூணாவது தடவ போனா "இந்த ரேஷியோக்கு இது நார்மல்". 4.88க்கு ஊதறது நார்மல்னா ஊர்ல பாதி ஜீப் ஊதிக்கிட்டுல்ல திரியணும்.

அப்பதான் ஊர்ல இருந்து அப்பா வந்திருந்தாரு. கவர்மென்ட் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர், ரொம்ப வருஷம் திருநெல்வேலில இருந்து மாஞ்சோலை ரூட்டு. ஏர்போர்ட்ல இருந்து கூட்டிட்டு வர்றேன், இருபது மணி நேரத்துக்கு மேல பிளைட்ல உக்காந்து வந்த மனுஷன் பாதித் தூக்கத்துல இருக்காரு, 55ல கால எடுத்தேன், கண்ணத் தொறக்காமலே "என்னலே, ஹவுசிங்கு ஊளையிடுது?"ன்னாரு. ஆக்ஸில் கியர் இருக்குற கூட்டத்தான் அப்படிச் சொல்றாரு. எனக்கு வண்டிய ஓரங்கட்டி கட்டிப்பிடிக்கணும் போல இருந்துச்சு. "மிதிச்சா நிக்கி, கால எடுத்தா ஊதுது. கிரவுனும் பினியனும் ஒண்ணுக்கொண்ணு ஒழுங்கா ஒக்காரலலே. எவன்கிட்ட குடுத்த?"

வேற ஆள்கிட்ட போனேன், வீட்டுப் பின்னாடி ஷெட்ல கியர் வேலை மட்டும் பாக்குறவர். அடியில மைக் மாட்டி ஓட்டிப் பாத்து பின்னாடி ஆக்ஸில்தான்னு சொல்லிட்டு கவரத் தொறந்து பல்லுல மஞ்சப் பெயிண்டத் தடவி சுத்திக் காட்டுனாரு. பெயிண்ட் தடம் பல்லோட நடுவுல விழணும், என்னோடது வேர்கிட்ட போய் விழுந்திருந்துச்சு. பினியன் கொஞ்சம் உள்ள போயிருக்கு, அது எவ்ளோ உள்ள உக்காரணும்னு சரி பண்ற மெல்லிசுத் தகடு, ஷிம், தப்பு. எவ்ளோ தப்புன்னு கேட்டேன், நாலு தவு, அதாவது ஒரு இஞ்ச ஆயிரம் பங்கு போட்டா அதுல நாலு பங்கு. ஒரு பேப்பர் தடிமன் இருக்கும். அதுக்குத்தான் மூணு தடவ அலைய விட்டு நார்மல் நார்மல்னு சொன்னாங்க. பிரிச்சு, பேரிங் போட்டு, ஷிம் மாத்தி, பேக்லாஷ் (பல்லுக்கும் பல்லுக்கும் நடுவுல விடுற இடைவெளி) வச்சு 700 டாலர் வாங்கினாரு, அந்த மனுஷன் மேல எனக்கு ஒரு குறையும் இல்ல. ஆனா அப்பவே சொல்லிட்டாரு, ஆறாயிரம் மைல் தப்பா ஓடுன பல்லு, தப்பாவே பழகித் தேஞ்சிருக்கு, இனி சுத்தமா அடங்காது, புது செட் போட்டாத்தான் போகும்னு.

அப்படியே ஆச்சு. முக்கால்வாசி அடங்குச்சு, கால்வாசி இருக்கு. நாப்பதாயிரம் மைல் ஓடிடுச்சு, கால்வாசி அப்படியே இருக்கு, கூடவும் இல்ல குறையவும் இல்ல. போன வாரம் பின்னாடி கவரத் தொறந்து ஆயில் மாத்துனேன், காந்தத்துல லேசா பசை மாதிரிதான் இருந்துச்சு, சில்லு ஒண்ணும் இல்ல, பல்லும் நல்லாத்தான் இருக்கு. ஒண்ணும் ஆகாது, ஓடும், அது எனக்குத் தெரியும். ஆனா நான் இப்ப 54ல ஓட்டுறதே இல்ல, 50ல போவேன் இல்லைன்னா 60ல போவேன். 55 லிமிட் போட்ட ரோட்ட நாலு வருஷமா சுத்திப் போயிட்டு இருக்கேன். இது ஒரு பொழப்பா.

மைலேஜ் கேப்பீங்க. முன்னாடி காலனுக்கு 14 மைல், இப்ப 15. 65ல இப்ப 2,550 ஆர்பிஎம் ஓடுது, ஆனா எஞ்சின் திணறல, அதனால சரிக்குச் சரி. மிச்சப்படுத்தலாம்னு நெனச்சு மட்டும் இதப் பண்ணாதீங்க.

மாப்ள விஷயத்துக்கு வர்றேன். அவன் ஜேஎல் 8 ஸ்பீட், ஆக்ஸில்ல 3.45. அந்த பாக்ஸ்ல முதல் கியரே 4.71, என்னோடது 3.59தான், அதனால அவனுக்கு என் அளவுக்கு வலிக்காது. ஏத்தத்துல எட்டாவது கியர மறந்துட்டு ஓட்டினா பொழச்சுக்கலாம். அதே நேரம் ஜீப்காரனே 2021ல எக்ஸ்ட்ரீம் ரீகான்னு 35ஓட ரூபிகான் விட்டப்ப ஆக்ஸில்ல 4.56 போட்டுத்தான் குடுத்தான், சும்மா ஒண்ணும் போடல. அதனால நியாயமாச் சொன்னா மாத்துறது சரி, காசு இருந்தா மாத்தலாம், கண்டிப்பா வித்தியாசம் தெரியும், என் வண்டில இருந்து இந்த 4.88 செட்டக் கழட்ட வர்றவன் என்னத் தாண்டித்தான் போகணும்.

ஆனா நீ மாத்தாதடா. அஞ்சுக்கு ரெண்டு மார்க்குதான் போடுவேன். வேலை செய்றவன் கை சரியா இல்லைன்னா உனக்கும் ஒரு 54 வரும், உன் வீட்லயும் யாருக்கும் கேக்காது.

நம்பிக்கை இல்லைன்னா சனிக்கிழமை வா, சாவி தர்றேன், டனல் வரைக்கும் ஏறி இறங்கிப் பாரு. இறங்கும்போது மட்டும் பாட்ட ஆஃப் பண்ணிடு.