ஏறி ஓட்டும் புல்வெட்டிக்கு 30 ஒயிலா, 10டபிள்யூ-30 ஒயிலா?

புல்வெட்டிக்கு ஒயில் வேண்டுமென்று கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் கேட்டுப் பாருங்கள். ஒரு கடையில் எஸ்.ஏ.ஈ. 30 தருவார்கள், அடுத்த கடையில் 10டபிள்யூ-30 (இவை ஒயிலின் தடிப்பைக் காட்டும் எண்கள்). இன்னொருவர் மோட்டார் சைக்கிள் ஒயிலே போதும் என்பார். மைதானத்து மெஷினுக்கு முதல் இரண்டையும் ஊற்றி ஓட்டிப் பார்த்த பிறகு, நான் 30 பக்கம்தான்.

மோட்டார் சைக்கிள் ஒயிலை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். ஒயிலில் ஊறும் கிளச்சுக்காகச் செய்யப்பட்டது அது, புல்வெட்டி எஞ்சினுக்குள் அப்படி ஒரு கிளச்சே இல்லை. பெற்றோலிலும் பெரிய வாதம் தேவையில்லை. 92 ஒக்டேன் தாராளமாகப் போதும், 95க்குக் கொடுக்கும் கூடுதல் காசு வீண்.

10டபிள்யூ-30இன் பலம் குளிர் ஸ்டார்ட். கொழும்பில் இரவில்கூட 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது, ஆகவே அந்தப் பலம் இங்கே நமக்கு உதவப்போவதில்லை. எஞ்சின் சூடானதும், அதாவது 100 பாகையில், இரண்டு ஒயிலும் ஒரே தடிப்பு வகைக்குள்தான் வருகின்றன. ஆனால் 10டபிள்யூ-30 மெல்லிய அடிப்படை எண்ணெயில், சூட்டில் தடிப்பைத் தாங்கிப் பிடிக்கும் பொலிமர்களைக் கலந்து செய்தது. புல்வெட்டி எஞ்சினுக்கு ரேடியேட்டர் கிடையாது, காற்றில்தான் ஆறவேண்டும். திரொட்டிலை முழுதாகத் திறந்து, நிமிடத்துக்கு 3000 சுற்றுக்கு மேல், மணிக்கணக்காக ஓடும். அந்தச் சூட்டில் மெல்லிய எண்ணெய் ஆவியாகும், பொலிமரும் நாளடைவில் அறுபடும். 27 பாகைக்கு மேல் 10டபிள்யூ-30 ஊற்றினால் ஒயில் கூடுதலாகச் செலவாகலாம், அடிக்கடி மட்டம் பாருங்கள் என்று எஞ்சின் செய்யும் பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் நிறுவனத்தின் கையேடே சொல்கிறது. கொழும்பில் பகல் வெயில் அந்த 27ஐத் தாண்டாத நாள் எத்தனை?

ஒயில் மட்டம் பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கில் இது கண்ணுக்கே தெரியும். மெஷினைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சின் ஆறியபின் டிப்ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து, திரும்பப் போட்டுப் பாருங்கள். மேல்கோட்டில் நின்ற ஒயில், 10டபிள்யூ-30 என்றால் அடுத்த மாற்றத்துக்கு முன்பே கீழ்கோட்டை நெருங்கியிருக்கும், இடையில் ஊற்றிக்கொண்டே இருக்கவேண்டும். 30இல் அந்த இறக்கம் மெதுவாகத்தான் வந்தது. ஒரு சிலிண்டர் எஞ்சினுக்குள் இருப்பது ஏறத்தாழ ஒன்றரை லீற்றர்தான். அதில் கால் லீற்றர் குறைந்தாலும் மிஞ்சிய ஒயில்தான் முழுச் சூட்டையும் சுமக்கிறது. மட்டம் பார்ப்பது ஒருவர், ஓட்டுவது இன்னொருவர் என்ற இடங்களில் ஒயில் குறைந்தது யார் கண்ணிலும் படாமலே போய்விடும். எனக்கு முடிவெடுக்க வைத்தது இதுதான்.

எந்த ஒயில் ஊற்றினாலும் கணக்கு மணித்தியாலத்தில் இருக்கட்டும். பல கையேடுகளில் 50 மணித்தியாலம் அல்லது வருடத்துக்கு ஒருமுறை என்று இருக்கும். அந்த வருடக் கணக்கு, குளிர்காலத்தில் மெஷினை மூடி வைக்கும் நாடுகளுக்குப் பொருந்தும். நமக்குப் புல் வருடம் முழுக்க வளர்கிறது. தென்மேற்குப் பருவமழையில் ஈரப்புல் எஞ்சின் மூடிக்குள் போய்க் காய்ந்து, குளிர்விக்கும் தகடுகளுக்கிடையே அடைத்துக்கொள்ளும். ஒயில் மாற்றும்போதே மூடியைக் கழற்றி அதையும் சுரண்டி எடுத்துவிடுங்கள். அது அடைத்திருந்தால் எந்த நல்ல ஒயிலாலும் எஞ்சினை ஆற்ற முடியாது.

போத்தல் வாங்கும்போது 30 என்ற எண்ணைப் பார்த்தே வாங்குங்கள், அதற்குப் பதில் 40ஐ எடுத்துக் கொடுப்பவர்களும் உண்டு. போத்தலில் உள்ள ஏ.பி.ஐ. என்ற தரக் குறியீடு எஸ்.எஃப். அல்லது அதற்கு மேல் இருக்கவேண்டும்.

சின்தெட்டிக் 5டபிள்யூ-30 எல்லா வெப்பநிலைக்கும் சரி என்கிறார்கள். அதை நான் நீண்டகாலம் ஓட்டிப் பார்க்கவில்லை, விலையும் கை சுடுகிறது. ஒயில் பில்டரும் பம்பும் உள்ள இரட்டைச் சிலிண்டர் எஞ்சின் என்றால் உங்கள் கையேட்டை முதலில் பாருங்கள், என் அனுபவம் ஒற்றைச் சிலிண்டரோடுதான். நுவரெலியாவில் விடியற்காலையில் ஸ்டார்ட் செய்பவர்கள் 10டபிள்யூ-30ஐயே ஊற்றலாம், 4 பாகைக்குக் கீழே 30 ஒயில் எஞ்சினைச் சுற்றவிடாமல் இழுக்கும்.