ஆல்ஃபா வகுப்பு: ஒரு மதிப்பீடு

லண்டனின் ஹோலி டிரினிட்டி பிராம்ப்டன் ஆலயத்தில் 1977-இல் புதிய விசுவாசிகளுக்கான எளிய வகுப்பாகத் தொடங்கிய ஆல்ஃபா, 1990-இல் அவ்வாலயக் குருக்களில் ஒருவரான நிக்கி கம்பல் பொறுப்பேற்ற பிறகு, சபையோடு தொடர்பே இல்லாதவர்களை வரவேற்கும் வகுப்பாக உருமாறியது. ஆலயத்துக்குப் போவது குடும்ப வழக்கமாக இருந்த நிலை மாறி, அது தனிமனிதரின் தெரிவாகிவிட்ட இக்காலத்துக்கு அந்த மாற்றம் மிகவும் பொருத்தமானது.

ஒவ்வொரு சந்திப்பிலும் முதலில் எல்லோரும் சேர்ந்து உண்கிறார்கள், பிறகு "இயேசு யார்?" என்பது போன்ற ஒரு கேள்வியை ஒட்டிய உரை, அதன்பின் சிறு குழுவில் கலந்துரையாடல். இந்தக் கலந்துரையாடல்தான் வகுப்பின் உயிர். "எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை" என்று ஒருவர் சொன்னால், குழுவை நடத்துபவர் உடனே வசனம் காட்டி மறுக்காமல், "ஏன் அப்படி நினைக்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டுப் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். பிரசங்கத்துக்குப் பழகிய நம்மவர்களுக்கு இது எளிதில் கைவராது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

குறை ஒன்று உண்டு. கத்தோலிக்கர் முதல் பெந்தெகொஸ்தே சபையினர் வரை பலரும் பயன்படுத்தும் பொதுத்தன்மைக்காக, ஞானஸ்நானம், திருவிருந்து ஆகியவை விரிவாகப் பேசப்படுவதில்லை. சபையைப் பற்றிய உரையும் வழக்கமாகக் கடைசியில்தான் வருகிறது. எனவே, வகுப்பு முடிந்ததும் ஒருவர் எந்தச் சபையில் எப்படி வேரூன்றுவது என்பதை நடத்தும் சபையே பொறுப்பெடுத்துக் கற்பிக்க வேண்டும். அதற்கு ஆயத்தமாக உள்ள சபைகளுக்கு ஆல்ஃபாவை மனமாரப் பரிந்துரைக்கிறேன்.