சால்வடோரில் நடனம் கற்கப் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

பிரேசிலின் சால்வடோர் நகருக்குப் போய் ஆப்ரோ-பிரேசிலிய நடனமும் சம்பாவும் கற்றுக்கொள்ள நினைக்கிறவர்கள், அதுவும் என்னைப் போல நாற்பதைத் தாண்டியவர்கள், கொஞ்சம் பொறுங்கள். நான் 2,600 ரெயால் கட்டி ஏமாந்தேன். முட்டியும் கெட்டது.

வேலைக்காக மூன்று வருடமாக சாவோ பாலோவில் இருக்கிறேன். ஒரு கார்னிவலுக்கு சால்வடோர் போனபோது, வெள்ளைத் தலைப்பாகை கட்டி நீலமும் வெள்ளையுமாக மணிமாலை போட்ட ஆண்கள் தெருவை நிறைத்துக்கொண்டு வந்தார்கள். அந்தக் குழுவுக்கு 'காந்தியின் பிள்ளைகள்' என்று பெயர். 1949-இல் துறைமுகத் தொழிலாளர்கள் தொடங்கியது. அவர்கள் வாசிக்கிற இஜெஷா தாளத்தில் அவசரமே கிடையாது, அலை மாதிரி வந்து வந்து போகும். பதினான்கு வயதில் பரதநாட்டியத்தை விட்டவள் நான். அன்றைக்கு நடைபாதையில் நின்றபடியே கால் தானாகத் தாளம் போட்டது.

அடுத்த வருடம் இன்ஸ்டாகிராமில் ஒரு விளம்பரம் வந்தது. பத்து நாள், தினமும் மூன்று மணி நேரம், நேரடி மேளம், பன்னிரண்டு பேருக்கு மேல் சேர்க்க மாட்டோம், கடைசி நாள் கண்டோம்ப்ளே என்கிற ஆப்ரோ-பிரேசிலிய மதத்தின் வழிபாட்டு இடத்துக்கு அழைத்துப்போவோம் என்று போட்டிருந்தார்கள். பிக்ஸில், அதாவது போனிலேயே உடனே பணம் அனுப்பும் பிரேசில் முறையில், பணம் அனுப்பும்போது திரையில் பள்ளியின் பெயர் வரவில்லை, யாரோ ஒரு தனி ஆளின் பெயர் வந்தது. கேட்டதற்கு, கணக்கு வழக்கெல்லாம் அவர்தான் பார்க்கிறார் என்றார்கள். சரி என்று அனுப்பிவிட்டேன். அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும்.

போய்ப் பார்த்தால் வகுப்பு ஒரு மொட்டை மாடியில். வெயிலில் கொதிக்கிற டைல்ஸ் தரை. முப்பத்தொரு பேர். மேளக்காரர் யாரும் இல்லை, மூலையில் ஒரு சின்ன ஸ்பீக்கர். இரண்டாம் நாள் யான்சாவின் ஆட்டத்துக்கு, அதாவது காற்றுக்கும் புயலுக்கும் உரிய கண்டோம்ப்ளே தெய்வத்தின் ஆட்டத்துக்கு, எல்லோரும் கையை வீசிச் சுழன்றுகொண்டிருந்தபோது ஆசிரியையின் போனுக்கு அழைப்பு வந்து பாட்டு நின்றது. அவர் படி இறங்கிப் போய்ப் பேசிவிட்டு வர இருபது நிமிடம். நாங்கள் சுவர் நிழலில் ஒண்டிக்கொண்டு நின்றோம்.

அதைவிடப் பெரிய ஏமாற்று எனக்குப் பிற்பாடுதான் புரிந்தது. நன்னீருக்கும் பொன்னுக்கும் உரிய தெய்வம் ஓஷும். கண்ணாடி பார்த்து மெல்ல அசையும் அவளுடைய ஆட்டத்தை, இடிக்குத் தெய்வமான ஷாங்கோவுக்கு உரிய வேகமான அலுஜா தாளத்துக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். சாவுக்கு அடிக்கிற அடியைச் சாமி புறப்பாட்டுக்கு அடித்தால் நம் ஊரில் எப்படி இருக்கும்? அங்கே அடபாக்கி என்ற மேளம் மூன்று அளவில் உண்டு, பெரியதற்கு ரும், நடுவுக்கு ரும்பி, சிறியதற்கு லே. ரும் அடிப்பவர் ஆடுகிறவரோடு பேசுவார். அந்தப் பேச்சு இல்லாத இடத்தில் கைகால் அசைவைத்தான் கற்கலாம்.

சம்பா இன்னும் மோசம். முதல் நாளே 180 ரெயாலுக்கு உயரக் குதிகால் செருப்பை வாங்க வைத்து, இடுப்பை ஆட்டு, இன்னும் ஆட்டு என்றார்கள். உடம்பைச் சூடாக்கும் பயிற்சி எதுவும் இல்லை. சம்பாவில் வேலை பாதத்தில் நடக்கிறது. எடை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற மாற இடுப்பு தானாக அசையும். சால்வடோர் இருக்கிற பாஹியா மாநிலத்தின் பழைய வட்டச் சம்பாவில் மியுஜீன்யோ என்று ஒரு அடி இருக்கிறது, பாதம் தரையை விட்டு எழும்பாமலே நகரும். வெறுங்காலில் ஆடுவது அது. நான்காம் நாள் என் வலது முட்டி வீங்கி, அப்புறம் ஆறு வாரம் பிசியோதெரபி.

கடைசி நாள் 'வழிபாட்டு இடம்' என்று தனியாக 150 ரெயால் வாங்கிக்கொண்டு, இரவுச் சாப்பாட்டோடு ஷோ நடத்தும் ஒரு ஹாலுக்கு அழைத்துப் போனார்கள். தெய்வ உடை போட்ட பெண்களோடு செல்ஃபி எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. 1976 வரை பாஹியாவில் கண்டோம்ப்ளே வழிபாட்டுக்குப் போலீஸில் பதிந்து அனுமதி வாங்க வேண்டியிருந்தது. அப்படிக் காப்பாற்றி வைத்த ஒன்றை இப்படியா விற்பது?

பணத்தைத் திருப்பிக் கேட்டேன், கிடையாது என்றார்கள். பிரேசிலின் நுகர்வோர் சட்டப்படி விளம்பரத்தில் தெளிவாகச் சொன்னது விற்பவரைக் கட்டுப்படுத்தும். சொன்னபடி தராவிட்டால் ஒப்பந்தத்தை ரத்து செய்து பணத்தைக் கேட்கலாம். விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்ததால் நுகர்வோர் அமைப்பான புரோகோனில் புகார் கொடுக்க முடிந்தது. மூன்று மாதம் அலைந்து 1,300 ரெயால் திரும்பி வந்தது. ஸ்கிரீன்ஷாட் இல்லாத இரண்டு பேருக்கு ஒன்றும் வரவில்லை.

மொத்தமாகக் கட்டாதீர்கள். ஒரு வகுப்புக்கு மட்டும் கொடுத்துப் போய், மேளக்காரர் இருக்கிறாரா, தரை மரமா என்று பாருங்கள். இது எந்த தெய்வத்தின் அசைவு, எந்தத் தாளம் என்று ஆசிரியரிடம் கேளுங்கள். பழைய நகரமான பெலோரீன்யோவில் மாநில அரசின் நடனப் பள்ளியே இருக்கிறது, முதலில் அங்கே விசாரியுங்கள்.

நான் இப்போது சாவோ பாலோவில் சனிக்கிழமைதோறும் ஒரு அம்மாவிடம் கற்கிறேன், அறுபது வயதுக்காரர். முதல் நாள் என் முட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஒரு மாதம் குதிக்கக் கூடாது என்று சொல்லி, மேளத்துக்குப் பக்கத்தில் நடக்க மட்டும் விட்டார். நான் ஏமாந்த இடம் பெயரை மாற்றிக்கொண்டு அதே வீடியோவோடு இன்னும் விளம்பரம் செய்கிறது. அதில் மஞ்சள் பாவாடையில் ஆடுகிற பெண் அங்கே பாடம் எடுப்பதில்லை.