கிளிநொச்சி கார் கரியர்: வரிப்பத்திரம் இல்லாத காரை ஏற்றுவித்த அனுபவம்

கரியர், அதாவது காரை மேலே ஏற்றிக் கொண்டுபோகும் தட்டு லொறி, பிடிப்பது வீண் செலவு, ஒரு ட்ரக்டரும் நல்ல கயிறும் இருந்தால் போதும் என்று நினைப்பவர்கள் வன்னியில் நிறையப் பேர். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் இரண்டு தட்டு லொறிகளை வைத்துத் தொழில் செய்யும் ஒருவரின் சேவை பற்றியது இது. பெயர் போடவில்லை. குறையும் சொல்லப் போகிறேன், ஊரும் சின்னது, நாளைக்கு மறுபடி அவரிடம்தான் போய் நிற்க வேண்டும்.

ஏற்ற வேண்டியிருந்தது எங்கள் வீட்டு நிசான் சன்னி. எண்பதுகளில் வந்த பி11. முத்தையன்கட்டில் அம்மாவின் காணியில், தகரக் கொட்டிலுக்குள் வருடக்கணக்காக நின்றது. வரிப்பத்திரம் காலாவதி, காப்புறுதி இல்லை, புகைச் சான்றிதழும் இல்லை. பின் இடது சக்கரம் பிரேக்கோடு சேர்ந்து இறுகிப் போயிருந்தது. அதைக் கிளிநொச்சியில் எனக்குத் தெரிந்த கராச்சுக்குக் கொண்டு வர வேண்டும்.

உறவுக்காரர் ஒருவர் உடனே வழி சொன்னார். "இரவு பத்து மணிக்குப் பிறகு ட்ரக்டரில கட்டி இழுத்துக்கொண்டு போவம். ஆர் வந்து கேக்கப் போறான்?" கேட்க ஆள் இருக்கிறதா இல்லையா என்பதல்ல என் கவலை. கயிற்றில் கட்டி இழுத்தாலும் நான்கு சக்கரமும் பொது வீதியில்தான் உருள்கின்றன. உள்ளே ஒருவர் இருந்து ஸ்டியரிங் பிடிக்கத்தான் வேண்டும். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின்படி வீதியில் பயன்படும் வாகனத்துக்கு நடப்பு வரிப்பத்திரம் வேண்டும், மூன்றாம் தரப்புக் காப்புறுதியாவது வேண்டும். எஞ்சின் ஓடாத கார் வாகனமே இல்லை என்று மாங்குளம் சந்தியில் நின்று பொலிஸோடு வாதாட எனக்குத் தெம்பில்லை. இருட்டில் போகும்போது இடையில் ஒரு மோட்டார் சைக்கிள்காரர் கயிற்றைக் காணாமல் வந்து விழுந்தால், காப்புறுதி இல்லாத காரின் சொந்தக்காரி என்று அம்மாவின் பெயர்தான் பதிவுப் புத்தகத்தில் இருக்கும்.

சட்டத்தை விட்டாலும், இழுக்கப்படும் காரை ஓட்டுவது லேசான வேலை இல்லை. எஞ்சின் நின்றிருந்தால் பிரேக்குக்கு உதவும் வெற்றிட அழுத்தம் ஓரிரு மிதியோடு தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு பெடல் கல்லுப் போல இருக்கும். திறப்பைப் போட்டுத் திருப்பாவிட்டால் ஸ்டியரிங் பூட்டு விழுந்துவிடும். ஓட்டோ கியர் கார் என்றால் இன்னும் மோசம். எஞ்சின் ஓடினால்தான் கியர் பெட்டிக்குள் எண்ணெய் சுற்றும், அது இல்லாமல் ஓட்டும் சக்கரங்களை உருள விட்டு இழுத்தால் பெட்டி பழுதாகும்.

லண்டனில் இருக்கிற அண்ணாவிடம் கேட்டேன். அவரும் அங்கே ஒரு பழைய காரை வரி கட்டாமல் வீட்டு முற்றத்தில் நிறுத்தி வைத்திருக்கிறார். அங்கே அதற்கு 'சோர்ன்' (SORN), அதாவது கார் வீதியில் பாவனையில் இல்லை என்று அறிவித்தல் கொடுக்க வேண்டும், அந்த முறை 1998இல் வந்தது. அறிவித்த பிறகு காரைப் பொது வீதியில் ஓட்டவும் கூடாது, நிறுத்தவும் கூடாது. முன்கூட்டியே நேரம் எடுத்த எம்.ஓ.டி. என்ற வாகனத் தகுதிப் பரிசோதனைக்கு ஓட்டிப் போவதற்கு மட்டும் விலக்கு உண்டு. மீறினால் 2,500 பவுண்ஸ் வரை தண்டம். கயிற்றில் இழுபடும் காரும் அங்கே மோட்டார் வாகனம்தான். அதற்கு வரியும் காப்புறுதியும் வேண்டும், ஸ்டியரிங் பிடிப்பவரிடம் சாரதி அனுமதிப்பத்திரம் வேண்டும், கயிறு நாலரை மீற்றருக்கு மேல் போகக் கூடாது. ஆனால் முழுக் காரையும் தட்டு லொறியில் ஏற்றிவிட்டால் அது சுமை. லொறிக்கு வரியும் காப்புறுதியும் இருந்தால் சரி. அண்ணா இதையெல்லாம் ஒரு மணித்தியாலம் விளக்கி முடித்துவிட்டு, "அங்க இதெல்லாம் பாப்பினமே?" என்றார். லண்டனுக்குப் போனால் ஊர் நினைவு இப்படித்தான் ஆகிவிடும் போல.

சரி, சேவைக்கு வருகிறேன்.

தொலைபேசியில் எடுத்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி விலை பற்றியதல்ல. "அக்கா, புத்தகம் ஆற்ற பேரில இருக்கு?" என்றார். அம்மாவின் பெயரில் என்றேன். பதிவுப் புத்தகத்தின் பிரதி, அம்மாவின் அடையாள அட்டைப் பிரதி, காரை எங்கிருந்து எங்கே கொண்டு போகிறோம் என்று அம்மா கையொப்பமிட்ட கடிதம், மூன்றும் கையில் இருந்தால்தான் ஏற்றுவேன் என்றார். வரிப்பத்திரம் இல்லை என்று சொன்னபோது, "அது எனக்குத் தேவையில்லை, களவுக் கார் இல்லை எண்டு காட்ட வேணும், அவ்வளவுதான்" என்று முடித்தார். இதற்கே பாதி மதிப்பெண் கொடுக்கலாம்.

காலை எட்டு மணிக்கு வருவதாகச் சொன்னவர் பதினொன்றரைக்குத்தான் வந்தார். நெல் அறுவடை மெசின் ஒன்றை இறக்கிவிட்டு வந்தாராம். காலபோக அறுவடைக் காலத்தில் தட்டு லொறிகள் எல்லாம் மெசின்களுக்குப் பின்னால்தான் ஓடும் என்பது வன்னியில் யாருக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் ஒரு அழைப்பு எடுத்துச் சொல்லியிருக்கலாம். அம்மா அவருக்கென்று வைத்த தேத்தண்ணி ஆறி, திரும்பச் சூடாக்கி, அதுவும் ஆறியது.

வேலையில் மட்டும் குறை சொல்ல முடியாது. தட்டைச் சரித்து இறக்கியதும் வின்ச் கம்பியைக் கொண்டு போய் முன் பம்பரில் கொழுவுவார் என்று பயந்தேன். அவர் மண்ணில் மல்லாந்து படுத்து, டோர்ச் அடித்து, துருப்பிடிக்காத இடமாகத் தேடி, காரின் அடியில் இருக்கும் இழுவைக் கொழுக்கியில்தான் மாட்டினார். இறுகின சக்கரத்தை இழுத்து உடைக்காமல், அதன் கீழ் இரண்டு பலகை வைத்துக் கிறீஸ் பூசி வழுக்க விட்டார். கார் ஏறும்போது வேகமாக இழுக்கவே இல்லை, நிறுத்தி நிறுத்தித்தான் இழுத்தார். ஏறின பிறகு சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மரக் கட்டை. பட்டிகளைச் சக்கரங்களின் மேலாகப் போட்டு இறுக்கினார். உடம்பில் கட்டினால் ஸ்பிரிங் ஆட ஆடப் பட்டி தளரும் என்று விளக்கமும் சொன்னார்.

ஒட்டுசுட்டான், மாங்குளம் என்று வந்து ஏ9இல் திரும்பினோம். மாங்குளத்தில் மறித்த பொலிஸ்காரர் லொறியின் பத்திரங்களைப் பார்த்தார், காரின் புத்தகத்தையும் கடிதத்தையும் பார்த்தார், அடிச்சட்ட இலக்கத்தை எட்டிப் பார்த்தார், போகச் சொன்னார். காரின் கண்ணாடியில் ஒட்டியிருந்த பழைய வரிப்பத்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. முறிகண்டிப் பிள்ளையார் கோவிலடியில் எல்லாரையும் போல நிறுத்தினோம். நான் கச்சான் வாங்கப் போன நேரத்தில் அவர் பட்டிகளைத் தட்டிப் பார்த்து, ஒன்றை இன்னும் ஒரு பல் இறுக்கினார். பிள்ளையார் பார்த்துக்கொள்வார் என்று விடாத ஆள்.

இனிக் குறைகள். கேட்ட கூலி 22,000 ரூபா. தூரத்துக்கு நியாயம்தான், ஆனால் அதில் வெறும் லொறி முத்தையன்கட்டுக்குப் போன கூலியும் இருக்கிறது என்பதை இறக்கும்போதுதான் சொன்னார். இரண்டாவது குறை பெரியது. காரை ஏற்றியிருக்கும்போது அதற்கு ஏதும் நடந்தால் யார் பொறுப்பு என்று கேட்டேன். லொறியின் காப்புறுதி லொறிக்கும் வெளியாருக்கும்தான், மேலே நிற்கும் காருக்கு இல்லை என்றார். மறைக்காமல் சொன்னது நல்லது. ஆனால் நாலு சக்கரம் மட்டும் மிஞ்சின என் சன்னிக்கு அது பரவாயில்லை, புதுசாக இறக்கின ஒரு ஹைபிரிட்டை ஏற்றுபவர் இந்தக் கேள்வியைத் தொலைபேசியிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

கராச்சில் பிரேக் சரியாகி எஞ்சினும் ஓடத் தொடங்கிய பிறகு ஒரு சிக்கல் மிஞ்சியது. வரிப்பத்திரத்துக்குப் புகைச் சான்றிதழ் வேண்டும். புகைப் பரிசோதனைக்குக் கார் நேரில் போக வேண்டும். போவதற்கு வரிப்பத்திரம் வேண்டும். லண்டனில் எம்.ஓ.டி.க்கு இருக்கிற விலக்கை அண்ணா சொன்னது அப்போது நினைவுக்கு வந்தது, ஆனால் அது அந்த நாட்டுச் சட்டம், இங்கே செல்லாது. கராச்காரத் தம்பி "விடியப்புறம் கொண்டுபோய்க் காட்டிட்டு வாறன்" என்றார். நான் காப்புறுதியை முதலில் எடுத்துவிட்டு அதே கரியரைத்தான் திரும்பக் கூப்பிட்டேன். நடந்தே போகக்கூடிய தூரத்துக்கு 6,000 ரூபா, அதுதான் ஆகக் குறைந்த கூலியாம். மனம் எரிந்தது, கொடுத்தேன். அப்புறம் பிரதேச செயலகத்தில் நிலுவையும் தண்டமும் சேர்த்துக் கட்டும்போது, அந்த 6,000 ஒரு காசாகவே தெரியவில்லை. காரை ஓட்டாமல் நிறுத்தும்போதே பாவனையில் இல்லை என்று எழுத்தில் அறிவிக்க இங்கும் வழி உண்டு. கொட்டிலுக்குள் கார் நிற்பவர்கள் இப்போதே போய் விசாரியுங்கள்.

இவரைக் கூப்பிடுவதென்றால் பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு எடுங்கள், பகலில் லொறியின் கீழ்தான் படுத்திருப்பார். வெறும் லொறி வரும் கூலி சேர்த்தா சேர்க்காமலா என்று கேட்டு, சொன்ன தொகையைக் குறுஞ்செய்தியில் போடச் சொல்லுங்கள். மாசி, பங்குனியில் அவசரமென்றால் வேறு ஆளையும் பார்த்து வையுங்கள். மற்றும்படி, காரை ஏற்றும் வேலையில் இவரை நம்பலாம்.