நார்தம்பர்லேண்டில் ஒன்பது வருடக் கேரவன் விடுமுறைகள்

2016 ஈஸ்டருக்குத்தான் முதன்முதலாக இங்கிலாந்தின் வடகிழக்கில் இருக்கும் நார்தம்பர்லேண்ட் போனோம். லீட்ஸிலிருந்து ஏ1 சாலையில் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். மோர்பெத் தாண்டியதும் சாலை பல இடங்களில் திசைக்கு ஒரே தடமாகிவிடும். முன்னால் ஒரு டிராக்டர் போனால் அதன் பின்னாலேயே போக வேண்டியதுதான். அன்றிலிருந்து 2020 தவிர ஒரு வருடமும் விட்டதில்லை, சில வருடங்களில் இரண்டு முறை கூடப் போயிருக்கிறோம். முதல்முறை போனபோது மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு நான்கு. தங்கியதெல்லாம் ஹாலிடே பார்க்குகளில், ஸ்டாடிக் கேரவனில், அதாவது ஒரே இடத்தில் நிறுத்தி வைத்த, வீடு போன்ற கேரவனில். மொத்தம் மூன்று பார்க்குகள் மாறியிருக்கிறோம்.

முதல் இரவே ஒரு பாடம். அந்த வருடம் ஈஸ்டர் மார்ச்சிலேயே வந்துவிட்டது. நள்ளிரவில் ஹீட்டர் நின்றுபோனது. கேரவனுக்கு வெளியே இருந்த கேஸ் சிலிண்டர் காலி. வரவேற்பறையில் ஆள் இல்லை, அவசர எண்ணையும் யாரும் எடுக்கவில்லை. கம்பளிச் சட்டைகளைப் போட்டுக்கொண்டு நால்வரும் ஒரே கட்டிலில் படுத்தோம். காலையில் வந்து மாற்றித் தந்தார்கள், மன்னிப்பும் கேட்டார்கள். ஆனால் சிறு குழந்தைகளோடு வருகிறவர்களுக்குக் கேஸ் இருக்கிறதா என்று முன்பே பார்த்து வைத்திருக்க வேண்டாமா? இப்போதெல்லாம் சாவி வாங்கும்போதே இரண்டு சிலிண்டரும் நிறைந்திருக்கிறதா என்று கேட்டுவிடுவேன். அப்புறம் டபுள் கிளேசிங்கும் (இரட்டைக் கண்ணாடி ஜன்னல்) சென்ட்ரல் ஹீட்டிங்கும் இருக்கிறதா என்று பதிவு செய்யும்போதே எழுதிக் கேட்டு வாங்கிக்கொள்வேன். பழைய கேரவன்களில் அறைக்கு ஒரு சின்ன ஹீட்டர்தான் இருக்கும். மே மாதம்கூட வடகடல் காற்றுக்கு அது போதாது.

முதல் நான்கு வருடம் ஒரு பெரிய பார்க்கில் தங்கினோம். உள்நீச்சல் குளம், இரவு நிகழ்ச்சிகள், விளையாட்டு இயந்திரங்கள், உணவகம் எல்லாம் உண்டு. பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது மழை நாளில் அந்தக் குளம் பெரிய உதவி, அதை மறுக்க மாட்டேன். ஆனால் நான்காம் வருடம் கணக்குப் பார்த்தபோது, வெளியே சுற்றிவிட்டு இரவு ஏழு மணிக்குத் திரும்பும் நாங்கள் குளத்தில் இறங்கியது வாரத்தில் ஒரே ஒரு முறை. நிகழ்ச்சிகளுக்கு நுழைவுச்சீட்டு தனிக் காசு வேறு. அதன்பின் சீஹவுசஸ் என்ற கடலோர ஊர்ப் பக்கம் சின்ன பார்க் ஒன்றுக்கு மாறினோம். அங்கே துணி துவைக்கும் அறையும் ஒரு சிறு கடையும் மட்டும்தான். துறைமுகத்துக்கு நடந்தே போகலாம். கார் சாவியைத் தொடாமல் கழிந்த நாட்கள் அங்கேதான் கிடைத்தன.

பார்க்கின் வசதிகளைப் பார்க்கும் முன் அது எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் பாருங்கள். நார்தம்பர்லேண்ட் பெரிய கவுன்டி. கடற்கரையில் தங்கிக்கொண்டு, ரோமானியர் கட்டிய ஹேட்ரியன் சுவரை ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்று நினைத்துத்தான் நாங்களும் ஏமாந்தோம். சீஹவுசஸிலிருந்து சுவரை ஒட்டிய ஹவுஸ்டெட்ஸ் கோட்டைக்குப் போக ஒன்றரை மணி நேரத்துக்கு மேல், திரும்ப அதே அளவு. பிள்ளைகள் பாதி நாள் காரிலேயே தூங்கினார்கள். இப்போது வசந்தத்தில் கடற்கரை, அக்டோபர் விடுமுறையில் சுவருக்கு அருகே ஹால்ட்விசில் பக்கம் என்று பிரித்துக்கொண்டோம்.

கடற்கரையில் எல்லாமே ஓதத்தின் (கடல்நீர் ஏறி இறங்குவதன்) கணக்குப்படிதான் நடக்கும். லின்டிஸ்ஃபார்ன் தீவுக்குப் போகும் சாலை தினமும் இரண்டு முறை கடலுக்குள் போய்விடும். பாதுகாப்பாகக் கடக்கும் நேரங்களைக் கவுன்டி கவுன்சில் வெளியிடுகிறது. அதைப் பார்க்காமல் கிளம்பவே கூடாது. நடுவில் தூண்களின்மேல் ஒரு வெள்ளைக் குடில் நிற்கும். நேரம் தவறி மாட்டிக்கொண்டவர்கள் ஏறித் தப்பிக்கக் கட்டியது. 635-ஐ ஒட்டி ஐடன் என்ற துறவி மடம் தொடங்கிய தீவு இது. 793-இல் வைக்கிங்குகள் தாக்கியதும் இங்கேதான். 700 வாக்கில் இங்கே எழுதி வண்ணம் தீட்டிய நற்செய்தி நூல் இப்போது லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது.

பகலில் வரும் கூட்டம் கடல் ஏறும் முன் கிளம்பிவிடும். ஒருமுறை கடல் ஏறியபின்னும் தீவிலேயே தங்கிவிட முடிவு செய்தோம். சாலை மூடி, மறுபடி திறக்கும்வரை ஐந்து மணி நேரம். தெருவில் ஆளே இல்லை. மணல்திட்டுகளில் இருந்து சீல்கள் (கடல்நாய்கள்) ஊளையிடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. யாரோ பாடுகிறார்கள் என்று மகன் நினைத்துவிட்டான். போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: ஒருமுறையாவது சாலை மூடியபின் அங்கே இருந்து பாருங்கள். ஃப்ளாஸ்கில் டீயும் கெட்டியான ஜாக்கெட்டும் கையோடு இருக்கட்டும்.

ஃபார்ன் தீவுகளுக்கு சீஹவுசஸ் துறைமுகத்திலிருந்து படகு. பஃபின் பறவைகளைப் பார்க்க மே முதல் ஜூலை நடு வரை போங்கள். ஆகஸ்டில் போனவர்கள் வெறும் பாறையைப் பார்த்துவிட்டு வந்து வருத்தப்பட்டிருக்கிறார்கள். பஃபின் தன் வண்ண அலகில் வரிசையாக மீன்களைக் கவ்விக்கொண்டு வந்து, தரையில் இருக்கும் பொந்துக்குள் ஓடி மறையும். ஆர்க்டிக் டெர்ன் பறவைகள் கூட்டைக் காக்கத் தலையில் கொத்தும், அதனால் தொப்பி அவசியம். 2022-இல் பறவைக் காய்ச்சல் வந்து ஆயிரக்கணக்கில் இறந்தபோது தீவில் இறங்குவதையே நிறுத்திவிட்டார்கள். இரண்டு வருடம் படகில் சுற்றி மட்டும் பார்த்தோம். 2024-இல் அவற்றில் ஒன்றான இன்னர் ஃபார்னில் மறுபடி கால் வைத்தபோது, பொந்துகளில் பஃபின்கள் இருப்பதைப் பார்த்து என் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது.

பாம்பரா கோட்டையை எல்லோரும் சொல்வார்கள், நான் சொல்லத் தேவையில்லை. கடற்கரையிலிருந்து நிமிர்ந்து பார்ப்பதே போதும் என்பது என் எண்ணம். அதே ஊரில் இருக்கும் கிரேஸ் டார்லிங் அருங்காட்சியகத்தைப் பலர் தவறவிடுகிறார்கள். 1838 செப்டம்பர் 7 அன்று ஃபார்ஃபர்ஷயர் என்ற கப்பல் பாறையில் மோதி உடைந்தது. லாங்ஸ்டோன் கலங்கரை விளக்கக் காவலரும் அவருடைய 22 வயது மகள் கிரேஸும் புயலில் படகு வலித்துப் போனார்கள். ஒன்பது பேரைக் காப்பாற்றினார்கள். அந்தப் படகு அங்கே இருக்கிறது. என் மகள் அதன் பக்கத்தில் வெகுநேரம் நின்றாள். நான்கு வருடத்தில் கிரேஸ் காசநோயால் இறந்துபோனார் என்று படித்ததும் வெளியே வந்து யாரிடமும் பேசவில்லை.

சுவரைப் பற்றி. 122-இல் பேரரசர் ஹேட்ரியன் கட்டத் தொடங்கியது, கடலிலிருந்து கடல்வரை 117 கிலோமீட்டர். ஹவுஸ்டெட்ஸில் ரோமானிய வீரர்களின் கழிப்பறை அப்படியே இருக்கிறது, பிள்ளைகளுக்கு அதுதான் பிடித்தது. எனக்குப் பிடித்தது சுவருக்கு அருகிலுள்ள வின்டோலாண்டா என்ற ரோமானியக் கோட்டை. அங்கே மண்ணுக்குள்ளிருந்து மெல்லிய மரப்பலகைக் கடிதங்கள் கிடைத்தன. சுமார் 1,900 வருடத்துக்கு முன் கிளாடியா செவேரா என்ற பெண் தன் தோழியைப் பிறந்தநாளுக்கு அழைத்து எழுதியது அதில் ஒன்று. 2019-இல் சைகமோர் கேப் மரத்தடியில், சுவரோரப் பள்ளத்தில் தனியாக நின்ற அந்தப் பிரபல மரத்தின் அடியில், நாங்கள் எடுத்த படம் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறது. 2023 செப்டம்பரில் அந்த மரத்தை வெட்டிவிட்டார்கள். அடிமரத்திலிருந்து மறு வருடம் துளிர்கள் வந்த செய்தியைப் பார்த்ததும் உடனே குடும்பத்துக்கெல்லாம் அனுப்பினேன். அந்தப் பக்கம் இரவு வானமும் பார்க்க வேண்டியது. தேசியப் பூங்காவும் கீல்டர் காட்டுப் பகுதியும் 2013-இலிருந்து, செயற்கை வெளிச்சம் குறைவாக இருப்பதற்காக அறிவிக்கப்பட்ட இருள் வானப் பகுதி. மேகம் இல்லாத அக்டோபர் இரவில், கேரவன் படியில் உட்கார்ந்தே பால்வீதியைப் பார்த்திருக்கிறோம்.

சாப்பாடு எங்களுக்குக் கேரவனிலேயே. குக்கரும் அரிசியும் கூடவே வரும். கடுகு தாளிக்கும்போது ஜன்னலைத் திறந்து வைக்காவிட்டால் புகை அலாரம் அடிக்கும். கிராஸ்டர் ஊரில் ஓக் மரப்புகையில் வாட்டிய கிப்பர் வாங்கி வருவோம். மத்திக்கு உறவான ஹெர்ரிங் மீன் அது. சுடுசோற்றோடு கருவாட்டுக்குச் சமானம். அங்கிருந்து டன்ஸ்டன்பரா இடிபாட்டுக் கோட்டைவரை கடலோரப் புல்வெளியில் நடந்துவிட்டு வாங்கினால் பசியும் சரியாக இருக்கும்.

செலவு விஷயம். பழைய இடங்களைப் பராமரிக்கும் இங்கிலிஷ் ஹெரிடேஜ், நேஷனல் டிரஸ்ட் அமைப்புகளின் உறுப்பினர் அட்டைகள் லின்டிஸ்ஃபார்ன் மடம், கோட்டை, டன்ஸ்டன்பரா, ஹவுஸ்டெட்ஸ் இவற்றுக்குப் பயன்படும். பாம்பரா, ஆனிக் கோட்டைகள் தனியார் குடும்பங்களுடையவை. வின்டோலாண்டா தனி அறக்கட்டளை. அங்கெல்லாம் டிக்கெட் வாங்கத்தான் வேண்டும். பள்ளி விடுமுறை வாரத்தில் அதே கேரவனுக்கு இரண்டு மடங்குக்கு மேல் கொடுத்திருக்கிறோம்.

ஐந்தாம் வருடம் சொந்தமாக ஒரு கேரவன் வாங்கலாமா என்று தீவிரமாக யோசித்தோம். விற்பனையாளர் இனிமையாகத்தான் பேசினார். ஆனால் ஒப்பந்தத்தைப் படித்தபோது, வண்டி நம்முடையது, நிற்கும் இடம் நம்முடையதில்லை. வருடா வருடம் இடக் கட்டணம், குளிர்காலத்தில் குழாய்களில் இருக்கும் தண்ணீரை வடித்து வெளியேற்றும் செலவு, காப்பீடு, குறிப்பிட்ட வயதுக்குமேல் வண்டியை அகற்ற வேண்டும் என்ற நிபந்தனை. விலையும் வேகமாக இறங்கும். வருடத்தில் இரண்டு வாரம் வருகிறவர்களுக்கு இது ஒத்துவராது, வாங்கவேண்டாம் என்றே சொல்வேன். பக்கத்திலேயே குடியிருந்து, ஓய்வுபெற்று, மாதக்கணக்கில் தங்கப்போகிறவர்கள் என்றால் அவர்கள் கணக்கு வேறு.

அடுத்த மே கடைசி வாரத்துக்கு அதே சின்ன பார்க்கில் பதிவு செய்தாயிற்று. மனைவி ஓத அட்டவணையில் மூன்று நாட்களைப் பென்சிலால் சுழித்து வைத்திருக்கிறாள். மாலையில் சாலை மூடும் நாட்கள் அவை.