பழைய 300 மி.மீ. மேனுவல் லென்ஸா, ஆட்டோஃபோகஸ் 70-300 ஜூமா: நான் எதை வைத்துக்கொண்டேன், ஏன்

பறவைப் படம் எடுக்க, இரண்டு வருடமாக இரண்டு டெலி லென்ஸ்களை (தூரத்தில் இருப்பதைக் கிட்டத்தில் காட்டுபவை) மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு வேடந்தாங்கலுக்கும் பள்ளிக்கரணைக்கும் போய்வந்தேன். ஒன்று நிக்கான் 300 மி.மீ. எஃப் 4.5, ஏஐ வகை. (இந்த ஏஐ செயற்கை நுண்ணறிவு அல்ல. லென்ஸில் வைத்திருக்கும் அபர்ச்சரை, அதாவது வெளிச்சம் புகும் துளையின் அளவை, கேமராவுக்கு இயந்திர முறையில் தெரிவிக்க 1977இல் நிக்கான் கொண்டுவந்த ஏற்பாடு.) ஃபோகஸ், அபர்ச்சர் எல்லாமே கையால்தான் திருப்ப வேண்டும். மற்றது என் மிரர்லெஸ் (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத) கேமராவுக்கென்றே வந்த ஆட்டோஃபோகஸ் 70-300 ஜூம். போன மாதம் ஜூமை விற்றுவிட்டு பழையதை வைத்துக்கொண்டேன். ஏன் இப்படித் தலைகீழாகச் செய்தாய் என்று நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் விரிவாகவே எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பழைய லென்ஸின் பக்கம்.

எல்லோருக்கும் தெரிந்ததை வேகமாகத் தாண்டிவிடலாம். ஃபோகஸ் வேகம், ஜூம் வசதி, எடை, மூன்றிலும் புதியதுதான் மேல். இப்போதைய 70-300 ஜூம்கள் 550 கிராமிலிருந்து 850 கிராமுக்குள் இருக்கின்றன, என் பழையது அடாப்டரோடு (கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே வைக்கும் இணைப்பு) ஒரு கிலோவைத் தாண்டுகிறது. பழையதில் எடுத்தால், படத்தோடு சேரும் எக்ஸிஃப் விவரங்களில் எந்த லென்ஸ், எந்த அபர்ச்சர் என்பதும் இருக்காது. இதெல்லாம் சரி.

பழைய லென்ஸ் மிரர்லெஸ்ஸில் இவ்வளவு சுலபமாக உட்காருவதற்குக் காரணம் தூரக் கணக்கு. நிக்கானின் பழைய எஃப் மவுன்டில் (கேமராவில் லென்ஸ் மாட்டும் வாய்) லென்ஸ் உட்காரும் விளிம்புக்கும் ஃபிலிமுக்கும் இடையே 46.5 மி.மீ. இடைவெளி. இப்போதைய மிரர்லெஸ்களில் அது சோனி ஈ மவுன்டில் 18, நிக்கான் இசட்டில் 16, கேனான் ஆர்எஃப்பில் 20. மிச்ச இடைவெளியை ஒரு வெற்றுக் குழாய் நிரப்பினால் போதும், அடாப்டருக்குள் கண்ணாடி எதுவும் வேண்டாம். கேனானின் பழைய எஃப்டி லென்ஸ்கள் அவ்வளவு நாள் மலிவாகக் கிடந்ததற்கும் இந்தக் கணக்குதான் காரணம். எஃப்டி 42 மி.மீ., 1987இல் கேனானின் ஈஓஎஸ் கேமராக்களோடு வந்த ஈஎஃப் மவுன்டோ 44. எஃப்டியை அந்தப் புதிய கேமராவில் மாட்டினால் தூரத்துப் பொருளுக்கு ஃபோகஸ் வராது, நடுவே ஒரு கண்ணாடி வைத்துச் சரிக்கட்ட வேண்டும். மிரர்லெஸ் வந்த பிறகுதான் அந்த லென்ஸ்களுக்கு மறுவாழ்வு.

மாட்டியதும் இரண்டு காரியம் செய்துவிடுங்கள். லென்ஸ் இல்லாவிட்டாலும் ஷட்டர் இயங்கட்டும் என்ற தேர்வை மெனுவில் தேடிப் போட வேண்டும், கேமராவின் கண்ணுக்கு இந்த லென்ஸ் லென்ஸே இல்லை. கேமரா உடம்பிலேயே கை நடுக்கத்தைச் சமாளிக்கும் ஸ்டெபிலைசேஷன் இருந்தால் ஃபோகல் நீளம் 300 என்று கையால் கொடுக்க வேண்டும். இதை மறந்து முந்தின லென்ஸின் 50லேயே ஒரு காலை முழுக்க எடுத்து, எல்லாப் படமும் மங்கலாக வந்து, லென்ஸைச் சந்தேகப்பட்டிருக்கிறேன். இன்னொன்று, மலிவு அடாப்டரின் உள்சுவர் பளபளவென்று இருந்தால் வெளிச்சம் அதில் பட்டு படம் வெளிறும். கறுப்பு வெல்வெட் காகிதம் ஒட்டினேன், நன்றாகவே வித்தியாசம் தெரிந்தது.

ஃபோகஸ் எப்படி என்றால், உட்கார்ந்திருக்கும் பறவைக்குப் பழகிவிடும். வேடந்தாங்கலில் ஏரித் தண்ணீருக்குள் நிற்கும் மரங்களில் நத்தைக்குத்தி நாரையும் கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் கூடு கட்டி ஒரே இடத்தில் மணிக்கணக்கில் நிற்கும். வ்யூஃபைண்டரில் படத்தைப் பெரிதாக்கி, கண்ணில் ஃபோகஸ் வைத்து, மெதுவாக வளையத்தைத் திருப்ப நேரம் இருக்கிறது. பழைய லென்ஸின் வளையம் நீளமாகத் திரும்பும், அதனால் மயிரிழை அளவுக்குக் கூட நகர்த்த முடிகிறது. ஜூமின் வளையம் மோட்டாருக்குக் கட்டளை அனுப்புவதோடு சரி, கையில் எதுவும் தெரியாது. விளிம்புகளுக்கு நிறம் காட்டும் பீக்கிங்கை நான் டெலியில் நம்புவதில்லை, இறகு முழுவதும் சிவப்பாக மின்னும், கண் மட்டும் ஃபோகஸில் இருக்காது. முழு ஃபிரேமில் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார்) 300 மி.மீ., எஃப் 4.5 என்றால் பத்து மீட்டர் தூரத்தில் கூர்மையாக வரும் ஆழம் ஏறத்தாழ 30 செ.மீ.தான். இருபது மீட்டரில் அது 1.2 மீட்டர் ஆகிவிடும். அதனால் தூரம் கூடக் கூட மேனுவல் ஃபோகஸ் எளிதாகிறது, பலரும் நினைப்பதற்கு இது நேர்மாறு.

படத்தின் தரத்தில் எனக்குப் பெரிய சண்டை இல்லை. பழையதில் நிறச் சிதறலைக் குறைக்கும் ஈடி கண்ணாடி கிடையாது, ஆகவே முழுக்கத் திறந்து வெள்ளைக் கொக்கை வானத்துக்கு எதிரே எடுத்தால் ஓரத்தில் ஊதா விளிம்பு வரும், எஃப் 8இல் பெரும்பாலும் அடங்கிவிடும். எதிர்வெயிலில் ஜூம் தெளிவாக ஜெயித்தது. ஆனால் ஜூமை 300க்கு இழுத்தால் எஃப் 5.6 அல்லது 6.3க்கு மேல் திறக்காது (எண் சிறியதானால் துளை பெரிது), விடியற்காலையில் பழையதன் 4.5 கொஞ்சம் கைகொடுத்தது. இதில் இரண்டும் சமம் என்று வைத்துக்கொள்ளலாம்.

எனக்கு முடிவைச் சொன்னது பராமரிப்பு. குறிப்பாக ஃபங்கஸ், லென்ஸுக்குள் வளரும் பூஞ்சை.

ஒரு வடகிழக்குப் பருவமழையின்போது வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லாமல் ஊருக்குப் போய் ஆறு வாரம் தங்கிவிட்டேன். இரண்டு லென்ஸும் சென்னையில் ஒரே பையில், ஒரே அலமாரியில், மூடிய வீட்டில். அந்த மாதங்களில் இங்கே காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம். பூஞ்சைக்கு வேண்டியது ஈரம், இருட்டு, அசையாத காற்று, கொஞ்சம் தூசி, அவ்வளவுதான். திரும்பி வந்து டார்ச் அடித்துப் பார்த்தால் இரண்டிலும் சிலந்தி வலை மாதிரி நூல் நூலாகப் படர்ந்திருந்தது. பழையதில் முன்பக்கக் கண்ணாடிக்குப் பின்னால், ஜூமில் நடுவே எங்கோ. ஒரே மழை, ஒரே பை, ஒரே வியாதி. வேண்டுமென்றே பரிசோதித்திருந்தால்கூட இதைவிடச் சரியான ஒப்பீடு கிடைத்திருக்காது.

பழையதை அண்ணா சாலைப் பக்கம் ஒரு சந்தில் ஐம்பது வருடமாகக் கேமரா பழுது பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். வாங்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். "இதுல மொத்தமே ஆறு கண்ணாடிதான் தம்பி. அதுல ரெண்டு ஒண்ணோட ஒண்ணு ஒட்டினது. அந்த ஒட்டுக்குள்ள போயிருந்தா நானும் ஒண்ணும் பண்ண முடியாது. போகலை. மூணு நாள் கழிச்சு வாங்க." மூன்று நாளில் கண்ணாடி சுத்தம், ஃபோகஸ் வளையத்தின் காய்ந்த கிரீஸைத் துடைத்துப் புது கிரீஸ், எல்லாம் சேர்த்து 1,800 ரூபாய். வளையம் முன்பைவிட வெண்ணெய் மாதிரித் திரும்புகிறது. முன்கண்ணாடியில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் கோட்டிங்கில் மெல்லிய கீறல் போல் தடம் நிற்கிறது. பூஞ்சை சுரக்கும் அமிலம் அரித்த தடம் அது, துடைத்தாலும் போகாது. நான் பார்த்தவரை எந்தப் படத்திலும் அது தெரியவில்லை.

ஜூம் கதை வேறு. இந்த வகை ஜூம்களில் 15 முதல் 18 கண்ணாடிகள் வரை இருக்கும், பல கூட்டங்களாக நகரும், நடுவில் மோட்டார், ரிப்பன் கேபிள், எலக்ட்ரானிக் அபர்ச்சர். இரண்டு கடைக்காரர்கள் கையெடுத்துக் கும்பிட்டு விட்டார்கள். திறந்து சுத்தம் செய்துவிடலாம், ஆனால் திரும்பப் பொருத்தும்போது கண்ணாடி இம்மியளவு நகர்ந்தாலும் படத்தின் ஒரு பக்கம் மங்கும், அதைச் சரிபார்க்கும் கருவி எங்களிடம் இல்லை என்று நேர்மையாகச் சொன்னார்கள், அந்த நேர்மைக்கு நன்றி. சர்வீஸ் சென்டரில் சுத்தம் செய்து தருவதில்லை, அந்தக் கூட்டத்தை அப்படியே மாற்றுவோம் என்று 16,500 ரூபாய் கேட்டார்கள். நான் லென்ஸை வாங்கியதே 24,000க்கு, இரண்டாம் கையாக. கடைசியில் ஃபங்கஸ் இருப்பதைப் படம் எடுத்துக் காட்டிச் சொல்லி 7,000க்கு விற்றேன்.

தவறு ஜூமின் மேல் இல்லை, ஆறு வாரம் அப்படிப் போட்டுவிட்டுப் போனது என் தவறு. ஆனால் நம் ஊர் ஈரத்தில் இந்தத் தவறு யாருக்கும் ஒரு தடவையாவது நடக்கும், நடந்த பிறகு எது மீண்டு வருகிறது என்பதுதான் என் கேள்வி. மோட்டார் போனால் ஜூமில் கையாலும் ஃபோகஸ் செய்ய முடியாது. எலக்ட்ரானிக்ஸ் போனால் அபர்ச்சரும் போயிற்று. நாற்பது வருடத்துக்கு மேலான அந்த நிக்கானில் கெட்டுப்போக இருப்பது கிரீஸும் கண்ணாடியும்தான், இரண்டையும் கையால் சரிசெய்யத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எவ்வளவு நாள் இருப்பார்கள் என்ற கவலையும் எனக்கு உண்டு. அந்தப் பெரியவரிடம் வேலை கற்றுக்கொள்ள யாரும் வரவில்லை.

இப்போது லென்ஸ் ரப்பர் விளிம்பு வைத்த காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில், 250 ரூபாய் ஈரமானியோடும் சிலிக்கா ஜெல்லோடும் இருக்கிறது. முள் 40க்கும் 50க்கும் நடுவில் நின்றால் போதும். ஜெல் நிறம் மாறினால் வாணலியில் மெதுவான சூட்டில் வறுத்து மறுபடி போடுகிறேன். அரிசி போடாதீர்கள், ஈரத்தையும் பெரிதாக இழுக்காது, மாவுத்தூசிதான் மிஞ்சும். பழைய லென்ஸோடு வரும் தோல் உறை அழகாக இருக்கும், அதற்குள் மட்டும் வைக்க வேண்டாம், தோல் ஈரத்தைப் பிடித்துவைத்துப் பூஞ்சையை வளர்க்கும். எல்லாவற்றையும்விட நல்ல மருந்து, வாரம் ஒரு தடவை வெளியே எடுத்துப் பயன்படுத்துவது.

வாங்கும்போதும் இதே கண்ணோடு பாருங்கள். இரண்டு மூடியையும் கழற்றி, அபர்ச்சரை முழுக்கத் திறந்து, பின்னாலிருந்து மொபைல் டார்ச்சைச் சாய்வாக அடித்து முன்னாலிருந்து பாருங்கள். நாலைந்து தூசிக்குப் பயப்பட வேண்டாம், எந்த லென்ஸிலும் இருக்கும். முன்பக்கத்தில் ஓரிரு நூல் என்றால் விலையைக் குறைத்துக் கேட்டு சுத்தம் செய்துகொள்ளலாம். பின்கண்ணாடிக்குப் பக்கத்தில் என்றால் யோசியுங்கள், அங்கே இருப்பது படத்தை அதிகம் பாதிக்கும். மொத்தமாகப் பனி மூடியது போல் வெளிறி இருந்தால் அது நூலைவிட மோசம், கான்ட்ராஸ்ட் சுத்தமாகப் போய்விடும். ஒட்டின ஜோடிக்குள் விளிம்பிலிருந்து வானவில் நிறத்தில் படலம் தெரிந்தால் ஒட்டு விட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம்.

பறக்கும் பறவைதான் உங்கள் விருப்பம் என்றால் நான் சொன்னது எதுவும் உங்களுக்குப் பொருந்தாது. ஜூமை வைத்துக்கொள்ளுங்கள், முடிந்தால் இன்னும் பெரிய ஆட்டோஃபோகஸ் லென்ஸுக்குக் காசு சேருங்கள். மாலையில் கூட்டுக்குத் திரும்பும் கூழைக்கடா நேர்கோட்டில் நிதானமாக வரும், ஒரு இடத்தில் முன்கூட்டியே ஃபோகஸ் வைத்துக் காத்திருந்து பழையதிலும் எடுத்திருக்கிறேன், பத்துக்கு இரண்டு தேறும். தகைவிலான், பஞ்சுருட்டான் எல்லாம் என்னால் ஆகவில்லை. விளையாட்டுப் போட்டிகளை இரண்டே தடவைதான் எடுத்திருக்கிறேன், அதை வைத்துக் கருத்துச் சொல்வது சரியில்லை.

மற்ற பழைய லென்ஸ்களில், கேனான் எஃப்டி 300 எஃப் 4 எல் நண்பருடையது ஒன்றை ஒரு நாள் வைத்திருந்தேன், ஊதா விளிம்பு என்னுடையதைவிடக் குறைவு, விலை அதிகம். 500 மி.மீ. எஃப் 8 மிரர் லென்ஸ்கள் (உள்ளே ஒளியைப் பிரதிபலிக்கும் கண்ணாடி வைத்தவை) கைக்கு அடக்கமானவை, ஆனால் பின்னணியில் ஒளிப்புள்ளி எல்லாம் வடை மாதிரி நடுவில் ஓட்டையோடு வரும், அபர்ச்சரையும் மாற்ற முடியாது. எனக்கு ஒட்டவில்லை. நிக்கானின் டிஎஸ்எல்ஆரில் (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி உள்ள டிஜிட்டல் கேமரா) இதே லென்ஸை மாட்ட நினைப்பவர்கள் எந்தக் கேமரா என்று பார்த்து வாங்குங்கள்: டி7200, டி750 போன்றவற்றில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் வேலை செய்யும், டி3000, டி5000 வரிசைகளிலும் டி7500இலும் செய்யாது.

செலவு: லென்ஸ் 11,000, அடாப்டர் 2,200, பெரியவரின் கூலி 1,800. இன்று விற்றாலும் வாங்கின விலைக்குப் பக்கத்தில் போகும். 300 எடுக்கத் தயக்கம் இருந்தால், அப்பாவோ மாமாவோ வைத்திருந்த ஃபிலிம் கேமராவோடு ஒரு 135 மி.மீ. வீட்டில் எங்காவது கிடக்கும், டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு அதற்கு ஒரு அடாப்டர் வாங்கி வாசல் வேப்பமரத்து மைனாவை ஒரு வாரம் எடுத்துப் பாருங்கள்.